இந்தப் படம் எந்த ஊர்?

சென்னையைத் தூக்கி அரபிக்கடலில் போட ஒரே ஓர் எண் போதும். மெரினாவையும் துறைமுகத்தையும் காட்டும் செயற்கைக்கோள் படம் ஒன்றைக் கணினியில் திறக்கிறீர்கள். இது எந்த மண்டலம் என்று மென்பொருள் கேட்கிறது. 44 என்று சொல்ல வேண்டிய இடத்தில் 43 என்று சொல்லிவிடுகிறீர்கள். அவ்வளவுதான். மொத்த நகரமும் மேற்கே ஆறு டிகிரி நகர்ந்து, மங்களூருக்கும் உடுப்பிக்கும் இடைப்பட்ட கரையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். படத்தில் ஒரு பிக்சல்கூட மாறியிருக்காது. மென்பொருளும் முணுமுணுக்காது. நீங்கள் சொன்னதை அது நம்பியது, அதன் வேலை முடிந்தது.

மென்பொருளைக் குறை சொல்வதற்கில்லை. நமக்குக் கடற்கரையாகத் தெரிவது அதற்கு வெறும் கட்டம்: இத்தனை வரிசை, இத்தனை நிரல், ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். 512ஆவது வரிசையில் 1,030ஆவது நிரலில் இருப்பது கலங்கரை விளக்கமா கத்திரிக்காய்த் தோட்டமா என்பது எண்களுக்குள் எழுதியிருப்பதில்லை. படத்துக்கு ஊர் கிடையாது. அதை நாம்தான் கொடுக்கிறோம், அதுவும் இரண்டு தவணையாக.

முதல் தவணை ஆறு எண்கள். ஒரு பிக்சல் தரையில் எத்தனை மீட்டர் அகலம், எத்தனை மீட்டர் உயரம். படத்தின் மேல் இடது மூலை எந்தக் கிழக்கு, எந்த வடக்கு. படம் சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வைச் சொல்ல இன்னும் இரண்டு. வேர்ல்டு ஃபைல் என்ற குட்டி உரைக்கோப்பில் இவை ஆறு வரிகளாக இருக்கும். நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். நான்காவது வரியில் பெரும்பாலும் ஒரு கழித்தல் குறி நிற்கும். படத்தின் வரிசைகளை மேலிருந்து கீழே எண்ணுகிறோம், வடக்கோ கீழிருந்து மேலே கூடுகிறது. அந்த முரணுக்கான குறி அது. அதை யாரோ பிழை என்று நினைத்து அழித்துவிட்டால் ஊர் தலைகீழாகக் கவிழும்.

இதில் இன்னொரு குசும்பும் உண்டு. வேர்ல்டு ஃபைல் சொல்லும் மூலை, அந்த முதல் பிக்சலின் நடுப்புள்ளி. ஜியோடிஃப் என்ற கோப்பு வகை வழக்கமாகச் சொல்வது அதே பிக்சலின் வெளி விளிம்பு. இரண்டுக்கும் அரைப் பிக்சல் வித்தியாசம். 30 மீட்டர் பிக்சல் கொண்ட லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் அது கிழக்கில் 15 மீட்டர், தெற்கில் 15 மீட்டர். இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும்போது எல்லாச் சாலைகளும் ஒரே திசையில் இப்படிக் கொஞ்சம் விலகியிருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ஆறு எண்களும் சரியாகவே இருக்கட்டும். சென்ட்ரல் ரயில் நிலையம் கிழக்கு சுமார் 4,21,000 மீட்டர், வடக்கு சுமார் 14,46,000 மீட்டர் என்று அவை சொல்கின்றன. எங்கிருந்து 4,21,000? எந்தக் கோட்டிலிருந்து, பூமியை என்ன வடிவமாக வைத்துக்கொண்டு, எப்படித் தட்டையாக்கி? வேர்ல்டு ஃபைலில் இதற்குப் பதில் இல்லை. இந்தப் பதில்தான் இரண்டாம் தவணை. ஆயத்தொலை அமைப்பு என்று இதைச் சொல்வார்கள். பள்ளிப் பாடநூலில் கோட்டுச்சட்டம் என்று வரும் புரொஜெக்‌ஷன் இதன் ஒரு பாதி. பூமியின் வடிவத்தையும் அது எங்கே மையம் கொண்டிருக்கிறது என்பதையும் சொல்லும் டேட்டம் மறுபாதி. 1990களில் வந்த ஜியோடிஃப் இரண்டு தவணையையும் படக்கோப்புக்குள்ளேயே எழுதிவைக்க வழி செய்தது. அதற்கு முன் இவை தனித்தனிக் கோப்புகளாகப் பக்கத்தில் கிடந்தன, பக்கத்தில் கிடப்பவை தொலைவது போலவே தொலைந்தன.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் இடறும் இடம் ஒன்று உண்டு. மென்பொருளில் 'அசைன்' என்று ஒரு கட்டளை இருக்கும், 'ரீபுரொஜெக்ட்' என்று இன்னொன்று. இரண்டும் ஒரே பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒன்றுக்கொன்று மாற்று என்று தோன்றும். கையில் 500 என்று எழுதிய தாள் இருக்கிறது. 'இது ரூபாய்' என்று அறிவிப்பது அசைன். வங்கிக்குப் போய் அன்றைய விலைக்கு டாலராக மாற்றி வாங்குவது ரீபுரொஜெக்ட். ரூபாய்த் தாளைக் கையில் வைத்துக்கொண்டு 'இது டாலர்' என்று அறிவித்தால் யாரும் பணக்காரர் ஆவதில்லை. ஆனால் மீட்டரில் எண் சொல்லும் யூடிஎம் முறைப் படத்துக்கு அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும் என்றதும், அசைனைத் திறந்து, டிகிரியில் சொல்லும் டபிள்யூஜிஎஸ் 84 அமைப்பை ஒட்டிவிடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. 4,21,000 மீட்டர் அப்போது 4,21,000 டிகிரி ஆகிவிடும். படம் காணாமல் போகும். காணாமல் போவது நல்லது, உடனே தெரிந்துவிடும். ஆபத்து, கொஞ்சம் மட்டும் நகரும் படத்தில்தான்.

அந்தக் 'கொஞ்சம்' எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பரங்கிமலைக்குப் போக வேண்டும். 1802 ஏப்ரலில் அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் அங்கே 100 அடிச் சங்கிலியால் தரையை அளக்கத் தொடங்கினார். பரங்கிமலைப் பக்கமிருந்து தெற்கே பெரும்பாக்கம் வரை சுமார் ஏழரை மைல். அந்த ஒரு கோட்டை அடிப்படையாக வைத்து, பின்னர் தெற்கே குமரியையும் வடக்கே இமயமலை அடிவாரத்தையும் எட்டும்படி முக்கோணம் முக்கோணமாகத் துணைக்கண்டம் அளக்கப்பட்டது. அரை டன் எடையுள்ள தியோடலைட்டை மலை உச்சிக்கும் கோபுரத்துக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து அது சுவரில் மோதி நசுங்கியது. வேறு யாராக இருந்தாலும் லண்டனுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். லாம்ப்டன் தானே உட்கார்ந்து அதை நிமிர்த்திச் சரிசெய்தார்.

இந்த அளவையிலிருந்து, லாம்ப்டனுக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் பூமிக்கு ஒரு வடிவம் கணக்கிட்டார். நடுவில் சற்றே புடைத்த கோளம். நிலநடுக்கோட்டு ஆரம் இன்றைய கணக்கில் 6,377.276 கிலோமீட்டர். ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84இல் அதே ஆரம் 6,378.137 கிலோமீட்டர். வித்தியாசம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அந்தக் காலத்துக் கருவிகளை நினைத்தால் மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் எவரெஸ்டின் கோளம் இந்தியத் தரைக்குப் பொருந்தும்படி செய்யப்பட்டது, அதன் பிடிப்பு மத்தியப் பிரதேசத்துக் கல்யாண்பூரில் இருக்கிறது. முழு உலகத்துக்கும் பொருந்த வேண்டும் என்ற கவலை அதற்கு இல்லை. அதனால் அந்தக் கோளத்தின் மையம் பூமியின் உண்மையான மையத்திலிருந்து எண்ணூறு மீட்டருக்குமேல் விலகி நிற்கிறது. விளைவு, ஒரே கோயில் வாசலுக்கு எவரெஸ்ட் கணக்கில் ஓர் அட்சரேகை, தீர்க்கரேகை; ஜிபிஎஸ் கணக்கில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டால் நம் பக்கத்தில் ஒன்றிரண்டு நூறு மீட்டர் பிசகும். ஒரு தெரு தாண்டிப் போய்விடும்.

இதிலும் ஒரு கிளைக்கதை. எவரெஸ்ட் கணக்கிட்டது அடியில். அந்த அடியை மீட்டராக்க அந்தந்த நாடும் அந்தந்தக் காலமும் சற்றே வேறுபட்ட பெருக்கெண்ணை எடுத்துக்கொண்டன. ஆகவே இன்றைய மென்பொருள் பட்டியலில் 'எவரெஸ்ட்' என்ற பெயரில் ஐந்தாறு கோளங்கள் வரிசையாக நிற்கும், எல்லாவற்றிலும் 1830 என்று போட்டிருக்கும். தேர்ந்தெடுப்பவர் தலையைச் சொறிவதில் தப்பில்லை.

இப்போது டோப்போஷீட் எனப்படும் பழைய நிலவரைபடத் தாள் ஒன்றை ஸ்கேன் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். குளங்கள், கண்மாய்கள், மறைந்துபோன வாய்க்கால்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்துப் பார்க்க ஆசை. தாளில் அச்சிட்ட கட்டங்களின் முனைகளைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் அதன் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுக்கிறோம். ஆறு எண்களைக் கண்டுபிடிக்க மூன்று புள்ளிகள் போதும். ஒவ்வொரு புள்ளியும் இரண்டு சமன்பாடு தரும். ஆனால் மூன்றோடு நின்றால் கணக்கு எப்போதும் கச்சிதமாகப் பொருந்தும், பிழை சுழி என்று காட்டும், ஒன்றும் நிரூபணமாகாது. கூடுதல் புள்ளிகள் கொடுத்தால்தான் எது ஒத்துப்போகவில்லை என்று தெரியும். தாளில் கட்டம் இல்லாமல் தரையிலிருந்து புள்ளி எடுக்க வேண்டியிருந்தால் சாலைச் சந்திப்புகள், ஏரிக்கரையின் திருப்பம், பாலத்தின் முனை நல்லவை. ஆற்றங்கரை வேண்டாம், அது ஆண்டுக்கு ஆண்டு நகரும். கோபுரமும் அவ்வளவு நல்லதல்ல. உயரமானவை வான்படத்தில் சாய்ந்து தெரியும், கலசத்தைக் குறித்தால் அடிவாசலிலிருந்து விலகிப்போவோம். எல்லாப் புள்ளிகளையும் ஒரே மூலையில் குவிப்பதும் கூடாது.

கடைசியில் மென்பொருள் சராசரிப் பிழை ஐந்து மீட்டர் என்று காட்டும். மனம் குளிரும். நான் அதை உடனே நம்புவதில்லை. புள்ளிகள் தங்களுக்குள் ஒத்துப்போகின்றன என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை. தாளிலுள்ள டிகிரிகள் எவரெஸ்டைச் சேர்ந்தவை; நாம் டபிள்யூஜிஎஸ் 84 என்று சொல்லிவிட்டால் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு, ஒரே திசையில் தப்பும். அப்போதும் பிழை ஐந்து மீட்டர்தான். எல்லாரும் ஒரே பொய்யைச் சொல்லும்போது முரண் எங்கே வரும்? சரியான முறை, தாளுக்கு அதன் சொந்த டேட்டத்தை அசைன் செய்வது, பிறகு டபிள்யூஜிஎஸ் 84க்கு மாற்றுவது. மிகப் பழைய தாள்களில் இன்னும் ஒரு பொறி: சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொண்ட மதிப்பு சுமார் இரண்டரை நிமிடம் கூடுதலாக இருந்தது, நாட்டு வரைபடங்கள் அதையே பின்பற்றின. நம் அட்சரேகையில் அது நான்கு கிலோமீட்டருக்குமேல். தாளின் ஓரத்துப் பொடி எழுத்தைப் படிக்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

2005 தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு, பொதுமக்களுக்கான ஓப்பன் சீரிஸ் தாள்கள் டபிள்யூஜிஎஸ் 84இலும் யூடிஎம்மிலும் வருகின்றன. யூடிஎம் என்பது உலகத்தைத் தோல் உரித்தாற்போல் ஆறு டிகிரி அகலமுள்ள 60 கீற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே தட்டையாக்கும் ஏற்பாடு. ஒவ்வொரு கீற்றின் நடுக்கோட்டுக்கும் 5,00,000 மீட்டர் என்று பெயரிடுவார்கள், மேற்கே போனாலும் எதிர்மறை எண் வராமலிருக்க. 60 கீற்றுக்கும் அதே எண்கள். முதல் பத்தியில் சென்னை கடலுக்குப் போன ரகசியம் இதுதான்: 81 டிகிரி நடுக்கோட்டிலிருந்து 79 கிலோமீட்டர் மேற்கே என்பதும், 75 டிகிரி நடுக்கோட்டிலிருந்து 79 கிலோமீட்டர் மேற்கே என்பதும் ஒரே எண்ணாகவே எழுதப்படுகின்றன.

43க்கும் 44க்கும் எல்லை 78 டிகிரி தீர்க்கரேகை. அது தமிழ்நாட்டை நெடுக இரண்டாக வெட்டுகிறது, திண்டுக்கல்லை ஏறக்குறைய உரசிக்கொண்டு. கோவை, ஈரோடு, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஒரு பக்கம்; சென்னை, திருச்சி, சேலம், மதுரை மறுபக்கம். லாம்ப்டனும் எவரெஸ்டும் தெற்கு வடக்காக அளந்த, 'பெரும் வில்' எனப்படும் முக்கோண வரிசையும் இந்தக் கோட்டை ஒட்டியே ஓடியது என்பது தற்செயல். யூடிஎம்மை வகுத்தவர்களுக்கு நம்மை மனத்தில் வைக்கக் காரணம் இல்லை. மாநிலம் முழுவதற்கும் ஒரே படம் வேண்டுமென்றால் ஒரு மண்டலத்தை நீட்டிக்கொள்ள வேண்டும். 44ஐக் கோவைவரை நீட்டினால் அங்கே கிலோமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் கூடுதலாகக் காட்டும். நெல் பரப்பைக் கணக்கிடுபவருக்கு அது பொருட்டல்ல, பாலம் கட்டுபவருக்குப் பொருட்டு.

இதைவிடப் பெரிய விபத்து, நம் கைப்பேசி வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்காட்டரில் காத்திருக்கிறது. 1569இல் மெர்காட்டர் மாலுமிகளுக்காக வரைந்த முறையின் இணைய வாரிசு அது. பூமியை உருண்டை என்றே எடுத்துக்கொள்கிறது. ஆயத்தொலை அமைப்புகளுக்கு எண் கொடுக்கும் பதிவேடு ஈபிஎஸ்ஜி, எண்ணெய் நிறுவனங்களின் அளவையாளர்கள் தொடங்கியது. அது முதலில் இந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளவே மறுத்தது. நிரலர்கள் விடுவார்களா? ஆங்கிலத்தில் எழுதினால் கூகுள் என்று படிக்கும்படி 900913 என்று தாங்களே ஓர் எண்ணைச் சூட்டினார்கள். பிற்பாடு 3857 என்ற முறையான எண் கிடைத்தது. பார்ப்பதற்கு அருமையான முறை, பெரிதாக்கினால் தெரு வளையாது. ஆனால் அதில் பரப்பளவு எடுத்தால் கன்னியாகுமரியில் இரண்டு சதவீதம் கூடும், சென்னையில் ஐந்து, டெல்லியில் ஏறத்தாழ 30, லேயில் 45க்கும் மேல். டெல்லிப் பக்கத்துப் பத்து ஏக்கர் குளம் பதின்மூன்று ஏக்கராகிவிடும். குளத்தைத் தூர்த்தவரே சந்தோஷப்படும் கணக்கு.

இதுவரை பேசியது, யாரோ முன்பே வகுத்த முறையில் படத்தைப் பொருத்துவது. செயற்கைக்கோள் படத்துக்கென்றே ஒரு முறை வேண்டும் என்ற கேள்வி 1972 ஜூலையில் முதல் லேண்ட்சாட் ஏவப்பட்டதும் எழுந்தது. சுமார் 900 கிலோமீட்டர் உயரத்தில் பறந்துகொண்டே, 185 கிலோமீட்டர் அகலத்துக்குத் தரையை வரி வரியாக அது துழாவியது. ஒரு சதுரப் படம் முடிய அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அந்நேரத்தில் பூமி சும்மா இருக்குமா? சென்னை அட்சரேகையில் தரை பன்னிரண்டு கிலோமீட்டருக்குமேல் கிழக்கே சுழன்றுவிடும். அதனால் படத்தின் கடைசி வரி முதல் வரிக்கு நேர்கீழே விழாது, மேற்கே சரிந்து விழும். செயற்கைக்கோள் தரையில் வரையும் பாதையும் நேர்கோடல்ல, மெல்ல நெளியும் வளைவு. அந்த வளைவு நெடுகிலும் அளவு குலையாத புரொஜெக்‌ஷன் அப்போது யாரிடமும் இல்லை. அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் ஆல்டன் கோல்வகோரெசஸ், பாதையோடு சேர்ந்து ஆடி அசையும் ஓர் உருளையின்மேல் பூமியை விழச்செய்தால் ஆகும் என்று மனக்கண்ணால் பார்த்துவிட்டார். சமன்பாடுதான் வரவில்லை. நிபுணர்களைக் கேட்டார், அவர்களிடமிருந்தும் வரவில்லை.

1976இல் ஒஹையோவில் ஒரு புவியளவியல் மாநாடு. அங்கே கோல்வகோரெசஸ் இந்தச் சிக்கலைச் சொன்னபோது கேட்டவர்களில் ஒருவர் ஜான் ஸ்னைடர், மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்த வேதிப் பொறியாளர். புரொஜெக்‌ஷன்கள் அவருக்குப் பதின்வயதிலிருந்தே பொழுதுபோக்கு. ஐம்பதாவது பிறந்தநாள் பரிசாக மனைவி அந்த மாநாட்டுக்கு அனுப்பிவைத்திருந்தார். ஊர் திரும்பியவர், வேலை முடிந்த மாலைகளில் வீட்டில் உட்கார்ந்து பாக்கெட் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு சில மாதங்களில் சமன்பாடுகளை முடித்து, காசு வாங்காமல் அனுப்பிவிட்டார். பின்னர் அந்தத் துறையே அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. புரொஜெக்‌ஷன்களுக்கென்று அவர் 1987இல் எழுதிய கையேட்டின் சூத்திரங்கள், இன்று நாம் ரீபுரொஜெக்ட் பொத்தானை அழுத்தும்போது ஓடும் நிரல்களுக்குள் பரவலாகக் கிடக்கின்றன. அவர் தீர்த்த ஸ்பேஸ் ஒப்லிக் மெர்காட்டரை இன்று அதிகம் பேர் தொடுவதில்லை. லேண்ட்சாட் படங்கள் நேராக்கப்பட்டு யூடிஎம்மிலேயே வந்துசேர்வதால் தேவை குறைந்துவிட்டது. எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த கதை இதுதான், முறை பழசாகிப் போனாலும்.

நேராக்குவது என்றால் பிக்சல்களைப் புதிதாக வார்ப்பது. அசைன் எதையும் தொடாது; ரீபுரொஜெக்ட் செய்தால் பழைய கட்டமும் புதிய கட்டமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாததால், புதிய பிக்சலுக்கு மதிப்பு எங்கிருந்து எடுப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். பக்கத்திலுள்ள நான்கைச் சராசரி எடுத்தால் புகைப்படம் வழுவழுப்பாக வரும். அதையே நிலப் பயன்பாட்டு வரைபடத்துக்குச் செய்தால் விபரீதம். அங்கே 3 என்றால் வயல், 7 என்றால் சாலை. இரண்டின் சராசரி 5. பட்டியலில் 5 குளமாக இருந்தால், வயலுக்கும் சாலைக்கும் நடுவே வரிசையாகக் குளங்கள் முளைத்துவிடும். இத்தகைய படங்களுக்கு மிக அருகிலுள்ள பிக்சலின் மதிப்பை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும், ஓரம் கரடுமுரடாக இருந்தாலும்.

முகவரியே இல்லாத படம் கைக்கு வந்தால் எண்களின் உருவத்தைப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். 80.27, 13.08 என்றால் டிகிரி. ஆறிலக்கக் கிழக்கும் ஏழிலக்க வடக்கும் என்றால் யூடிஎம். 89,35,000, 14,69,000 என்றால் வெப் மெர்காட்டர். மூன்றுமே சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அக்கம்பக்கம்தான். இலங்கைத் தரவென்றால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே பழைய கட்டத்தின் தொடக்க எண்கள் 2,00,000, 2,00,000. 1999இல் வந்த புதிய கட்டத்தில் 5,00,000, 5,00,000. பழையதைப் புதியதென்று ஒட்டினால் கொழும்பு முன்னூறு கிலோமீட்டர் மேற்கிலும் முன்னூறு தெற்கிலும் கடலில் கிடக்கும்.

டபிள்யூஜிஎஸ் 84 என்று சரியாகவே ஒட்டிய பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: எந்த ஆண்டின் டபிள்யூஜிஎஸ் 84? அது வந்த நாளிலிருந்து பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. ஆண்டு குறிப்பிடாமல் அந்தப் பெயரை மட்டும் சொன்னால் இரண்டு மீட்டர்வரை ஐயம் உண்டு என்றுதான் ஈபிஎஸ்ஜி பதிவேடே எழுதிவைத்திருக்கிறது. கூடவே இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. முப்பது மீட்டர் பிக்சலுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் இப்போது ட்ரோன்கள் தரும் படங்களில் பிக்சல் அளவே ஐந்து சென்டிமீட்டருக்குள் வந்துவிட்டது. இன்று ஊரைப் பறந்து எடுத்த படத்தை இருபது ஆண்டு கழித்து எடுக்கும் படத்தின்மேல் வைத்தால், அசையாத கிணறு ஒரு மீட்டர் அசைந்திருக்கும். ஆகவே ட்ரோன் படத்துக்கு முகவரி எழுதுபவர்கள் புரொஜெக்‌ஷன், டேட்டம் இரண்டோடு படம் எடுத்த தேதியையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.